ஐவி ஓல்ட்ராய்டின் முன்னறை

ட்ரெவர் சக்டனுக்கு மாமியார் ஐவிமேல் ஒரு மனக்குறை இருந்தது. அறுபத்தாறில், இங்கிலாந்து கால்பந்து உலகக் கோப்பையை வென்ற வருஷம், கல்யாணமான கையோடு பிடித்தது. தலை நரைத்து, வேலை செய்த சுரங்கம் மூடி, மாமியார் படுக்கையில் விழுந்த பிறகும் விடவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் ஒரு தடவைகூட அவனைத் தன் வீட்டு முன்னறையில் உட்காரச் சொன்னதில்லை.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனுக்கே தெரியும். பூமிக்கு அடியில் அரை மைல் ஆழத்தில், கூரை முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரொட்டி தின்றவன். சங்கக் கூட்டத்தில் சுரங்க மேலாளரை எழுந்து நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன். அப்பேர்ப்பட்டவன் ஒரு சாய்வு நாற்காலிக்காகப் புழுங்கினான் என்றால் யார் நம்புவார்கள்?

"நாற்காலி யாருக்கு வேணும்? இது மரியாதை விஷயம்" என்பான், மதுக்கடையில் இரண்டாவது குவளை தீர்ந்ததும். மூன்றாவதும் தீர்ந்தால் அந்த நாற்காலியின் கைப்பிடியில் அடித்திருக்கும் பித்தளை ஆணிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

"இன்னும் உள்ள விடலையா அவ?" என்று கேட்பான் லெனார்டு பூத். ஐவியின் பக்கத்து வீட்டுக்காரன். சுரங்கத்துக்குள் ட்ரெவரோடு ஒரே முகப்பில் நின்று கரி வெட்டியவன். பதில் தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பான்.

எங்கள் சுரங்க ஊரான ஸ்கெல்பியில் முன்வாசல் என்பது பார்வைக்கு வைத்தது. பால்காரன், கரி வண்டிக்காரன், பெற்ற மகள், கட்டிக்கொடுத்த மருமகன், எல்லாரும் பின்சந்து வழியாக வந்து, கக்கூஸைத் தாண்டி, தட்டாமல் சமையலறைக் கதவைத் திறந்து வர வேண்டியதுதான். முன்கதவை யாராவது தட்டினால் அது நல்ல சேதியாக இருக்காது. பாதிரியாராக இருக்க வேண்டும், அல்லது டாக்டர். இரண்டும் இல்லையென்றால் சுரங்கத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லா வீட்டிலும் முன்னறை உண்டுதான். மற்றவர்கள் கிறிஸ்துமஸுக்காவது திறப்பார்கள். பியானோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுவார்கள். ஐவியின் முன்னறை அப்படி நைந்துபோகிற ரகமல்ல. தரைவிரிப்பு கடையில் சுருட்டிக் கொடுத்தபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் தங்க விளிம்பு போட்ட தேநீர்க் கோப்பைகள். கணப்புக்கு மேலே ஒரு கடிகாரம். பக்கத்தில் அந்த நாற்காலி. அடர்சிவப்பு மெத்தை, தலை சாயும் இடத்தில் கஞ்சி போட்ட பின்னல் துணி. கணப்பில் காகிதம், அதன்மேல் சிராய், அதன்மேல் கரி என்று அடுக்கித் தயாராக இருக்கும். ஒரு குச்சி கிழித்தால் போதும். ராணிக்கு முடிசூட்டிய வருஷம் அடுக்கியது. இதுவரை யாரும் கிழிக்கவில்லை.

முடிசூட்டிய அன்றைக்குத் தெருவிலேயே டெலிவிஷன் இருந்தது ஐவி வீட்டில் மட்டும். தெரு முழுக்க அவள் சமையலறையில் நெருக்கிக்கொண்டு பார்த்தது. அடுப்புமேல்கூட ஒருத்தன் உட்கார்ந்திருந்தானாம். சுவருக்கு அந்தப் பக்கம் முன்னறை காலியாகக் கிடந்தது. ஒருவேளை ராணியே எழுந்து வந்துவிட்டால் உட்கார இடம் வேண்டுமே என்று வைத்திருந்தாளோ என்னவோ.

கணப்புக்கு அருகில் ஒரு பித்தளைக் கரிவாளி. அதில் இருந்த கரி ஒவ்வொன்றும் ஐவியின் புருஷன் ஹாரல்டு பொறுக்கிக் கொண்டுவந்தது. ஒரே அளவு, ஒரே பளபளப்பு. வெள்ளிக்கிழமைதோறும் ஐவி அந்தக் கரியை எடுத்துத் துடைப்பாள். நாளெல்லாம் கரிக்குள் கிடந்து, மேலே வந்து அதைத் தேய்த்துக் கழுவுவதே பிழைப்பாக இருந்த ட்ரெவர், கரியையே கழுவி வைக்கிற ஒருத்தியை வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தான்.

கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்குப் புது சூட் போட்டுக்கொண்டு போனான். சாப்பிட்டு முடித்ததும் துணிச்சலாகக் கேட்டுவிட்டான்.

"அத்தே, இன்னிக்கு முன்னாடி போய் உக்காரலாமா?"

ஐவி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ஏன், யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல, பண்டிகை நாளாச்சேன்னு..."

"இந்த நாற்காலிக்கு என்ன கொறைச்சல்? நாலு கால் இருக்குல்ல?"

ஐவியின் மகள் மொரீன் மேசைக்கு அடியில் புருஷன் காலை மிதித்தாள். ஹாரல்டு குழாயில் புகையிலையை அடைத்தபடி மெதுவாகச் சொன்னார்: "வுடு தம்பி. நானே போனதில்ல. நேரம் வந்தா நாலு பேரு தூக்கிட்டுப் போயி வைப்பாங்க."

ஐந்து வருஷத்தில் அவர் சொன்னபடியே ஆயிற்று. நெஞ்சில் கரித்தூசி அடைத்துச் செத்துப்போனார். சொந்த வீட்டு முன்னறையில் மனிதர் முதல்முறையாக நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தார். பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் வாங்கியவன் ட்ரெவர். அன்றைக்கு அவன் அந்த அறைக்குள் நின்றான் என்பது உண்மைதான். ஆனால் மாமனாரைச் சுமந்துகொண்டு நின்றதை உட்கார்ந்த கணக்கில் சேர்க்க முடியாது. அப்போதும் பின்னாலிருந்து ஐவி, அழுகைக்கு நடுவே, "ஓரமாப் போங்கப்பா, விரிப்பை மிதிக்காதீங்க" என்றாள்.

இதெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது எழுபத்துநாலு பிப்ரவரியில்.

சுரங்கக்காரர்கள் வேலைநிறுத்தம். நாடு வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. பாதி நேரம் மின்சாரம் கிடையாது. நாட்டை ஆள்வது அரசாங்கமா, சங்கமா என்று கேட்டுத் தேர்தலே வைத்துவிட்டார்கள். ஸ்கெல்பியில் ஒரு பன்றிக்குத் தொழிலாளர் கட்சிச் சின்னத்தைக் கட்டி நிறுத்தினாலும் ஜெயித்துவிடும். அப்படிப்பட்ட ஊருக்குள் ஆளுங்கட்சியான கன்சர்வேடிவ் கட்சியின் வேட்பாளர் தனியாக ஓட்டுக் கேட்டு வந்தார். பெரும்பாலான வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் மாடி ஜன்னலிலிருந்து தண்ணீர் விழுந்தது. ஐவி வீட்டு முன்கதவைத் தட்டினார். ஐவி ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து, முன்னறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

லெனார்டு ஓடிவந்து சொல்லித்தான் ட்ரெவருக்கு விஷயம் தெரிந்தது. மறியலிலிருந்து நேராக வந்தான். சமையலறைக் கதவு சுவரில் மோதியது.

"அத்தே! அந்தக் கட்சிக்காரனை உள்ள உக்கார வெச்சீங்களா?"

"கதவை மெதுவாச் சாத்து."

"நாங்க ரோட்டுல குளிர்ல நிக்கறோம். எங்க சோத்துல மண்ணைப் போட வந்தவனுக்கு முன்னறையா?"

"முன்வாசல்ல தட்டினாரு. தொப்பியக் கழட்டினாரு. நான் என்ன பண்றது, பின்னாடி சுத்தி வாங்கன்னு சொல்றதா?"

"போன வாரம் நம்ம ஆளு வந்தாரே, அவரை எங்க உக்கார வெச்சீங்க?"

"அவன் பின்வாசல்ல வந்தான்" என்றாள் ஐவி. "எங்கேயிருந்து வர்றானோ அங்கேதானே உக்காரணும்? இந்த மேசைமேலயே குந்திக்கிட்டு டீ குடிச்சான். ஓட்டும் அவனுக்குத்தான் போடப்போறேன். வேறென்ன வேணும் உனக்கு?"

அவள் சொன்னபடிதான் செய்தாள். ஆயுசுக்கும் தொழிலாளர் கட்சிக்குத் தவிர வேறு யாருக்கும் ஓட்டுப் போட்டதில்லை. நம்ம ஆட்கள் என்பதால் ஓட்டு. நம்ம ஆட்கள் என்பதாலேயே முன்னறை கிடையாது. இந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாமல் எத்தனையோ பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ட்ரெவருக்கு அது அன்றைக்குச் சமையலறையில் நின்றபடியே புரிந்துவிட்டது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

"அந்த நாற்காலியில உக்காந்தானா?"

"ஜன்னலோரம் இருக்கற மர நாற்காலியில" என்றாள் ஐவி. "எது யாருக்குன்னு எனக்குத் தெரியும்."

பத்து வருஷம் போயிற்று. எண்பத்துநாலில் மறுபடியும் வேலைநிறுத்தம். இந்தத் தடவை வாரக்கணக்கு மாதக்கணக்கானது. கோடை போய்க் குளிர் வந்தது. சம்பளம் இல்லை. சங்கமே உதவித்தொகை தருவதாக வைத்துக்கொண்டு, அரசாங்கம் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தரும் பணத்தில் அந்தத் தொகையைப் பிடித்தது. சங்கத்தின் கஜானாவிலோ தம்பிடி கிடையாது. வராத பணத்தை வந்ததாக எழுதிக் கழிக்கிற வித்தையை ட்ரெவர் அப்போதுதான் கற்றுக்கொண்டான்.

வாடகை வீட்டில் எரிக்க எதுவும் இல்லாமல் போனபோது ட்ரெவரும் மொரீனும் இரண்டு பிள்ளைகளுமாக ஐவி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் போதுமே. பகலில் ஐவி சங்கக் கூடத்தில் உருளைக்கிழங்கு உரிப்பாள். ட்ரெவர் சுரங்கத்துக் கழிவுமேட்டில் கரி பொறுக்கப் போவான். தான் வெட்டிய கரியைத் தானே பொறுக்கியதற்குத் திருட்டு என்று போலீஸ் பிடித்து, மூட்டையைப் பறித்துக்கொண்டு அனுப்பிய நாளும் உண்டு.

வீட்டில் இருந்ததை எரித்தார்கள். முதலில் கோழிக்கூண்டு. அப்புறம் பின்வேலி. பழைய மரத்தொட்டி. ஒரு நாள் கரியில்லாமல் வெறுங்கையோடு ட்ரெவர் வந்தபோது அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"என்னத்த எரிச்சீங்க?"

"கக்கூஸ் கதவு" என்றாள் ஐவி.

ட்ரெவர் முன்னறை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே வாளி நிறையக் கரி இருக்கிறது. ஊரிலேயே முதல்தரமான கரி. துடைத்து வைத்தது.

"அத்தே, கதவில்லாத கக்கூஸ்ல, ஜனவரி மாசத்துல, லெனார்டுக்கு வணக்கம் சொல்லிக்கிட்டு உக்காரணுமா நான்?"

"குடையப் பிடிச்சுக்கோ."

"உள்ள ஒரு வாளிக் கரி சும்மா கெடக்கு!"

"அது சும்மா கெடக்கல."

"பின்ன என்ன பண்ணுது?"

ஐவி அடுப்பைக் கிளறிவிட்டு உட்கார்ந்தாள். "அவங்க வருவாங்க" என்றாள்.

"யாரு?"

"மதிப்புப் போடறவங்க. எப்பவும் வருவாங்க."

அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்து சொன்னாள். முப்பதுகளின் ஆரம்பத்தில் அவள் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. உதவித்தொகை கேட்டால், முதலில் வீட்டில் விற்கிறதற்கு என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஆள் வருவான். வந்தவன் அன்னியன் அல்ல. அடுத்த தெருக்காரன், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இவர்களுக்கு முன்வரிசையில் நின்று பாடுகிறவன்.

"கேக்காமகூட அப்பா நாற்காலியில உக்காந்தான்" என்றாள் ஐவி. "உக்காந்துக்கிட்டே சுத்திப் பாத்தான். பியானோ இருக்கே, கடிகாரம் இருக்கே, இந்த நாற்காலிகூட நல்லாத்தான் இருக்கு, முதல்ல இதையெல்லாம் சாப்பிடுங்க, அப்புறம் வாங்கன்னான். எல்லாம் போச்சு. ரூம் வெறும் சுவரு. எங்கம்மா திரையைப் பாதி இழுத்துவிட்டு, வாசப்படியை முன்ன மாதிரியே தேச்சுக் கழுவுவா. தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த குளிர்ல அப்பா செத்துட்டாரு. பொட்டியை எங்க வெக்கறது? முன்னறையிலதானே. தெருவே வந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க."

"பாவம்" என்றாள் மொரீன்.

"அப்பா செத்ததுக்கு அம்மா அழல. சுவரைப் பாத்துட்டாங்களேன்னுதான் அழுதா."

அடுப்பில் கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் பழுத்துச் சிவந்திருந்தது. அந்த வாளியைப் பற்றி ட்ரெவர் பிறகு பேசவில்லை. மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு போனான்.

ஐவி சொன்னது பலித்தது. பிள்ளைகள் காலணி பிய்ந்து, பனியில் கால் நனைந்து இருமிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலக் காலணிக்கு அவசர உதவி கேட்டு மொரீன் விண்ணப்பம் போட்டிருந்தாள். உண்மையிலேயே இல்லாத வீடுதானா என்று பார்க்க அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாகச் சேதி வந்தது. மொரீன் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"அம்மா, அவரை நேரா இங்க கூட்டிட்டு வந்துடணும். பிள்ளைங்க கோட்டோட உக்காந்திருக்கறதைப் பாக்கட்டும். அடுப்பைப் பாக்கட்டும்."

"சரி."

"கக்கூஸையும் பாக்கட்டும்" என்றான் ட்ரெவர்.

"சரிங்கறேன்ல."

வந்தவன் சின்ன வயசுக்காரன், கழுத்தில் டை. முன்கதவைத் தட்டினான். அவ்வளவுதான். ஐவியின் கை தானாக ஏப்ரன் முடிச்சுக்குப் போயிற்று. மொரீன் பிடிப்பதற்குள் நடைவழியில் இறங்கிவிட்டாள்.

ட்ரெவரும் மொரீனும் சமையலறைச் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். கண்ணாடி அலமாரி திறக்கிற சத்தம். தங்க விளிம்புக் கோப்பை. கெட்டிலை எடுக்க ஐவி வந்தாள். பிரான்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் தோழமையோடு அனுப்பிய பொட்டலத்தில் பிள்ளைகளுக்கென்று மிச்சம் வைத்திருந்த பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். மொரீன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அருமையான ரூம், மிசஸ் ஓல்ட்ராய்ட்" என்று குரல் கேட்டது. "எங்க வீட்டுலகூட இப்படி இல்லீங்க."

"ஏதோ, இருக்கற வரைக்கும் நல்லா வெச்சிக்கிறது" என்றாள் ஐவி. "கொறை ஒண்ணும் இல்ல."

கதவைச் சாத்திவிட்டு அவள் திரும்பி வந்தபோது முகத்தில் ட்ரெவர் அதுவரை பார்க்காத ஒரு பூரிப்பு. கன்னம்கூடச் சிவந்திருந்தது.

"ஒரு தூசி கண்டுபிடிக்க முடியல அவனால" என்றாள்.

மொரீன் கேட்டாள்: "கொறை ஒண்ணும் இல்லன்னு சொன்னியாம்மா?"

ஐவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பார்த்தபிறகு ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது அவளுக்கு.

ட்ரெவருக்கு ஆயிரம் கேட்க இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "நாற்காலியில உக்காந்தானா?"

"மர நாற்காலி" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

வசதியான குடும்பம், உதவி தேவைப்படவில்லை என்று பதில் வந்தது. ஐவியின் அம்மா ஒரு காலத்தில் வெறும் சுவரைத் திரைபோட்டு மறைத்தாள். மகள் நிறைந்த அறையைத் திரை விலக்கிக் காட்டினாள். இரண்டு தடவையும் அரசாங்கத்துக்குத்தான் லாபம்.

ஆனால் அடுத்த வாரமே பிள்ளைகளின் காலில் புதுக் காலணி ஏறியது. பார்ன்ஸ்லி டவுனுக்குப் போய் வந்தேன் என்றாள் ஐவி, வேறு விளக்கம் இல்லை. ட்ரெவர் நடைவழியில் போகும்போது முன்னறைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். கணப்புக்கு மேலே கடிகாரம் இருந்த இடத்தில் ஹாரல்டின் படம் நின்றது. ஹாரல்டு கொஞ்சம் சங்கடமாகவே நின்றார்.

"கடிகாரம் எங்க அத்தே?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

அது ரிப்பேரிலிருந்து திரும்பவே இல்லை. அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. லெனார்டு கேட்டதற்கும் சொல்லவில்லை. அவனுடைய மனக்குறை எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதன்பிறகு மதுக்கடையில் மூன்றாவது குவளை தீர்ந்தாலும் பித்தளை ஆணிப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் மாதத்தில் தோற்று, கொடிபிடித்து, வாத்தியம் முழங்க வேலைக்குத் திரும்பினார்கள். தோற்றுப்போய் வாத்தியத்தோடு திரும்புவது எங்கள் ஊர் வழக்கம். அடுத்த வருஷம் சுரங்கத்தை மூடினார்கள். வாழ்நாளெல்லாம் சட்டையில்லாமல் வியர்த்த ட்ரெவருக்கு உறைந்த பட்டாணி மூட்டைகளை அடுக்குகிற குளிர்கிடங்கில் வேலை கிடைத்தது. கையில் வந்த கணக்குத் தீர்த்த பணத்தில் குடியிருந்த நகராட்சி வீட்டையே விலைக்கு வாங்கினான். குடியிருப்பவரே வாங்கலாம் என்பதும் அவன் எதிர்த்து ஓட்டுப் போட்ட அரசாங்கம் கொண்டுவந்த சட்டம்தான். வாங்கிய சூட்டில் கதவுக்கு நீலம் அடித்தான். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த சுவரைச் சம்மட்டியால் இடித்து ஒரே கூடமாக ஆக்கினான். அதற்காகவே வீடு வாங்கினானோ என்று மொரீன் சந்தேகப்பட்டாள்.

ஐவியைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். "யாரு வேணும்னாலும் எங்க வேணும்னாலும் உக்காரலாம் அத்தே" என்றான், குத்தலாக.

ஐவி சுற்றும் முற்றும் பார்த்தாள். "விசாலமா இருக்கு" என்றாள். "சாகறதுக்குத்தான் இடமில்ல."

தொண்ணூற்றொன்றில் அவளுக்கு இடுப்பு விழுந்தது. அப்புறம் நெஞ்சும் சரியில்லை. மாடிப்படி ஏற முடியாது. கட்டிலைக் கீழே இறக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போகும் நர்ஸ் முன்னறையைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்கேயே போட்டுடலாமே, வெளிச்சமா, காத்தோட்டமா இருக்கே" என்றாள்.

"அது நோயாளிக்கான ரூம் இல்லம்மா" என்றாள் ஐவி.

"பின்ன யாருக்கு?"

"இன்னும் கொஞ்ச நாள்ல எனக்குத்தான். அவசரப்படாதே."

ஆக, கட்டிலைச் சமையலறையில் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே போட்டார்கள். வருகிற போகிறவர்கள் எல்லாம் பின்வாசலில் நுழைந்ததும் அவள் கால்மாட்டில் இடித்துக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அவள் ட்ரெவரைக் கூப்பிட்டனுப்பினாள். முன்கதவு ஊறிப்போய், பெயின்டோடு பெயின்ட் ஒட்டி, திறக்க மாட்டேன் என்கிறதாம். அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது கதவு சிக்கி, தெருவில் நாலு பேர் இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாதாம்.

"இழைப்புளி கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு."

"வெளியில நின்னே இழைச்சிடு. சுருள் எல்லாம் விரிப்புல விழும்."

வெளியில்தான் நின்றான். மழை தூறியது. தோளை வைத்து முட்டிக் கதவைப் பெயர்த்து, அடிவிளிம்பையும் பக்கவிளிம்பையும் இழைத்தான். லெனார்டு தன் வீட்டு ஜன்னலை உயர்த்தித் தலையை நீட்டினான்.

"என்னப்பா, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒடைச்சிக்கிட்டு உள்ள போறியா?"

"மூடுடா ஜன்னலை."

"வுட்டாளா, இல்லியா?"

"வாசல் வரைக்கும் வந்துட்டேன்ல" என்றான் ட்ரெவர். "இனி எவ்வளவு தூரம்?"

வேலை முடிந்ததும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். முன்கதவு அவன் கையாலேயே திறந்து கிடந்தது. ஆனாலும் சுற்றித்தான் வந்தான். ஐவி அதைக் கவனித்தாள்.

"தெறக்குதா?"

"தெறக்குது அத்தே. பொட்டி தாராளமாப் போவும்."

"எனக்கு அவ்வளவு அகலம் வேண்டாம். நான் ஹாரல்டு மாதிரி இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ட்ரெவர், அந்த நாற்காலி எப்படியிருக்கு?"

"எந்த நாற்காலி?"

"நடிக்காதே. கல்யாணம் ஆன நாள்லேருந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கே."

"எனக்கெப்படித் தெரியும்?" என்றான். இத்தனை வருஷத்துக் குறையும் அந்தக் கேள்வியில் வந்துவிட்டது. "உக்கார விட்டீங்களா?"

"எனக்கும் தெரியாதே" என்றாள் ஐவி.

அவன் இழைப்புளியை மேசைமேல் வைத்தான்.

"ஒரு தடவைகூடவா?"

"கடையில நின்னு தடவிப் பாத்தேன். உக்காந்து பாருங்கம்மான்னான் கடைக்காரன். வேலை செஞ்ச துணியோட எப்படி உக்கார்றது? வீட்டுக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன். வந்தப்புறம்..." கையை லேசாக ஆட்டினாள். "யாரு எப்போ வருவாங்களோ."

"வாங்க, இப்பவே தூக்கிட்டுப் போறேன். நீங்க என்ன கனமா?"

"ராத்திரிக் கவுனோடயா? முன்னறைக்கா?" உண்மையிலேயே அதிர்ச்சியடைந்து பார்த்தாள். பிறகு அவன் கைமேல் கையை வைத்தாள். அதுவும் அவன் அறிய முதல் தடவை.

"நீ போ. போயி உக்காந்து பாத்துட்டு வா. நல்ல நாற்காலிதானா, இல்ல நான் ஏமாந்துட்டனான்னு சொல்லு. பூட்ஸைக் கழட்டிடு. திரையை மூடாதே, மூடினா நான் போயிட்டேன்னு லெனார்டு பொண்டாட்டி சாவு வீட்டுக்குப் பன்றிக்கறி வேகப்போட்டுடுவா. பேப்பர் ஒண்ணை விரிச்சிட்டு அதுமேல உக்காரு. ரொம்ப சாயாதே."